சொந்தக் கட்டிடம், யாருடைய பணம்? லத்தீனோ உரிமை அமைப்புகளின் முன்னுள்ள வழிகள்

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோ மக்களின் உரிமைகளுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு, வாடகை இடங்களில் பல ஆண்டுகள் காலம்தள்ளிய பிறகு நிரந்தரத் தலைமையகம் ஒன்றை அமைத்துக்கொள்ள முடிவெடுத்தால், அதன் நிர்வாகக் குழு முதலில் செலவைக் கணக்கிடும். அடுத்து அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கும். பணம் கொடுப்பவருக்கு அந்தக் கட்டிடத்தின்மீது என்ன பிடி கிடைக்கும் என்ற மூன்றாவது கேள்வியை, பெரும்பாலான குழுக்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வாரத்தில்தான் எடுத்துப் பார்க்கின்றன. ஒரு மருத்துவமனையோ அருங்காட்சியகமோ அப்படித் தள்ளிப்போட்டால் பெரிய கேடு வந்துவிடாது. அரசை எதிர்த்து வழக்காடுவதையும், சட்டமன்ற உறுப்பினர்களின் வாசலில் நின்று கோரிக்கை வைப்பதையும் அன்றாட வேலையாகக் கொண்ட அமைப்புக்கு, அதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கண்ணோட்டத்திலேயே ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடுகிறேன். ஒப்பீட்டுக்கு வசதியாக, சுமார் 50 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை செலவாகும் ஒரு கட்டிடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பொதுச் சொத்தைக் கேட்டுப் பெறுவது மிகப் பழைய வழி. சியாட்டில் நகரில் 1972 அக்டோபர் 11 அன்று, ரோபர்ட்டோ மயெஸ்தாஸ் உள்ளிட்டோரின் தலைமையில் லத்தீனோ மாணவர்களும் குடும்பங்களும், மூடிக்கிடந்த பீக்கன் ஹில் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்து அங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய ஆங்கில வகுப்புக்கான நிதி நிறுத்தப்பட்டிருந்தது. கூடுவதற்கு வேறு இடமும் இல்லை. கணப்பு வசதி இல்லாத அந்தக் கட்டிடத்தில் குளிர்காலத்தைத் தாங்கிக்கொண்டு, நகர மன்றத்திடமும் பள்ளி நிர்வாகத்திடமும் விடாமல் பேசி, ஆண்டுக்கு 1 டாலர் என்ற குத்தகைக்கு அதைப் பெற்றார்கள். எல் சென்ட்ரோ டி லா ராசா அமைப்பு பிறந்தது இப்படித்தான். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. குத்தகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நிலம் பள்ளி நிர்வாகத்துக்கே உரியதாக இருந்தது. அந்த அமைப்பு 1999-இல் கட்டிடத்தை விலைக்கு வாங்கிய பிறகே மனையில் புதிதாக எதையும் எழுப்பும் நிலையை அடைந்தது. பள்ளியை ஒட்டிய மனையில் 112 குடும்பங்களுக்கான மலிவு வாடகைக் குடியிருப்பை 2016-இல் திறந்து, அதற்கு மயெஸ்தாஸின் பெயரையே சூட்டினார்கள். 1 டாலர் குத்தகையோடு நின்றிருந்தால், பீக்கன் ஹில்லில் ரயில் நிலையம் வந்து நிலமதிப்பு ஏறிய காலத்தில் அவர்கள் அங்கே நீடித்திருப்பார்களா என்பது ஐயமே.

இன்றைய நிலையில் பொதுப்பணம் என்பது பெரும்பாலும் மானியமாகவே வருகிறது. தம் தொகுதித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கக் கோரும் வாய்ப்பு, பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2021-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மீண்டும் கிடைத்தது. சமூகக் கட்டிடங்கள் பலவும் அதனால் பயன்பெற்றுள்ளன. மேரிலாந்து போன்ற மாநிலங்களில், சட்டமன்றமே கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டும் நிதியிலிருந்து தனித்தனிக் கட்டிடங்களுக்குத் தொகை ஒதுக்கும் வழக்கம் உண்டு. தொகை பெரியது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இதன் ஈர்ப்பு இயல்பானது. ஆனால் கூட்டரசின் பணத்தில் வாங்கிய அல்லது புதுப்பித்த கட்டிடத்தில் கூட்டரசுக்கு ஒரு பாத்தியதை ஏற்படுகிறது: சொன்ன நோக்கத்துக்கே அதைப் பயன்படுத்த வேண்டும், அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அரசு வகுத்த கூலி விகிதம், சுற்றுச்சூழல் ஆய்வு, ஆண்டுதோறும் தணிக்கை ஆகியவையும் கூடவே வரும். மானியம் பெரும்பாலும் செலவுசெய்த பிறகே திரும்பக் கிடைப்பதால், இடைக்காலத்துக்கென்று தனியாகக் கடனும் தேவைப்படும்.

குடியேறியோருக்காகப் பாடுபடும் காசா (CASA) என்ற அமைப்பின் அனுபவம் இந்த வழியின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. மேரிலாந்தின் லாங்லி பார்க்கில், 1924-இல் ஒரு செல்வந்தக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட மாளிகையை அவர்கள் செப்பனிட்டு, 2010-இல் தங்கள் தலைமையகமாகத் திறந்தார்கள். சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி அது. அந்த மாளிகையில் அவர்களுக்கு ஆங்கில வகுப்பும் சட்ட உதவியும் கிடைப்பது, பொதுப்பணம் நல்ல காரியத்துக்குப் போனது என்பதற்குக் கண்முன்னே நிற்கும் சான்று. அதே காசாதான், பிறப்பால் வரும் குடியுரிமையைக் குறுக்க முயன்ற ஆணையை எதிர்த்துக் குடியரசுத் தலைவர்மீது வழக்குத் தொடுத்தது. அது உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 ஜூனில் வந்த தீர்ப்பு அமைப்பின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே ஆண்டில்தான், குடியேறியோருக்குக் குடியுரிமைப் பயிற்சி அளிக்கும் அமைப்புகளுக்கான கூட்டரசு மானியத் திட்டம் நிறுத்தப்பட்டது. மானியம் நின்றால் ஒரு வகுப்பு நிற்கும். கட்டிடத்தின் பத்திரத்திலேயே அரசின் பாத்தியதை இருந்தால், வழக்குப் போடலாமா என்று நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் அந்த நினைப்பும் கூட வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பொதுப்பணத்தை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. மாநில, உள்ளாட்சி நிதியைச் சேவைப் பகுதிகளுக்கு மட்டும், அதாவது வகுப்பறை, குழந்தைகள் காப்பகம், மருத்துவ முகாம் நடக்கும் கூடம் ஆகியவற்றுக்குப் பெறலாம். மொத்தச் செலவில் கால் பங்கைத் தாண்ட விடக்கூடாது.

அடுத்தது நன்கொடை இயக்கம். கட்டிடத்துக்கென்றே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நடத்தப்படும் இந்த இயக்கத்துக்கு அமெரிக்காவில் நன்கு பழகிய நடைமுறை ஒன்று உண்டு. முதலில் வெளியார் ஒருவரை வைத்து, யார் யார் எவ்வளவு கொடுக்கக்கூடும் என்று இரகசியமாக விசாரிப்பார்கள். பிறகு அறிவிப்பு எதுவுமின்றிப் பெரிய கொடையாளர்களிடம் பேசி, இலக்கில் பாதிக்கும் மேல் உறுதியான பிறகுதான் பொதுமக்களிடம் வருவார்கள். 50 லட்சம் டாலர் திரட்ட வேண்டுமென்றால், ஒருவரேனும் 10 லட்சம் கொடுக்க வேண்டும், அடுத்து இருவர் 5 லட்சம் வீதம், பிறகு ஐந்தாறு பேர் இரண்டரை லட்சம் வீதம் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். பணத்தின் பெரும்பகுதி மிகச் சிலரிடமிருந்தே வரும் என்பதுதான் அந்தப் பட்டியல் சொல்லும் செய்தி.

லத்தீனோ அமைப்புகளுக்கு இடறல் இங்கேதான். அமெரிக்க அறக்கட்டளைகளின் மொத்தக் கொடையில் லத்தீனோ சமூகத்துக்கென்று போவது சுமார் 1 விழுக்காடு என்ற அளவிலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது என்று ஹிஸ்பானிக்ஸ் இன் ஃபிலாந்த்ரபி என்ற அமைப்பு திரட்டிய விவரங்கள் காட்டுகின்றன. மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் லத்தீனோவாக இருக்கும் நாட்டில் இது மனத்தை வருத்தும் கணக்கு. கட்டிடங்களுக்கென்றே நிதி கொடுத்து, "நீங்கள் மீதியைத் திரட்டினால் நாங்கள் இவ்வளவு தருகிறோம்" என்ற நிபந்தனையால் பல அமைப்புகளை ஊக்கிய கிரெஸ்கி அறக்கட்டளையும் அந்த முறையைக் கைவிட்டு வேறு வழிக்குத் திரும்பி வெகுகாலமாகிறது. வரிச்சட்டமும் 2026 முதல் மாறுகிறது. கொடையை வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும் தனிநபர்களுக்கு, வருமானத்தில் 0.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கொடைக்கே சலுகை. நிறுவனங்களுக்கு இந்த வரம்பு 1 விழுக்காடு. மறுபுறம், செலவுகளைத் தனித்தனியே கணக்குக் காட்டாத எளிய வருமானக்காரரும் 1,000 டாலர்வரை, தம்பதியர் என்றால் 2,000 டாலர்வரை, கொடையைக் கழித்துக்கொள்ளலாம். பெரு நிறுவனங்களின் கைகள் சற்று இறுகலாம். சிறு கொடையாளருக்கு ஒரு சிறு ஊக்கம் பிறக்கலாம்.

சிறு கொடையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நிதி ஆலோசகர்கள் பெரும்பாலும் அதை அலங்காரமாகவே கருதுகிறார்கள். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஒரு பெண் மாதம் 10 டாலர் வீதம் 36 மாதங்கள் தருவதாக ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 360 டாலர். அவரைப் போல 2,000 உறுப்பினர்கள் சேர்ந்தால் 7,20,000 டாலர். 50 லட்சம் இலக்கில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். இதை வசூலிக்கச் செலவும் உழைப்பும் அதிகம், இடையில் நின்றுபோகும் தவணைகளும் இருக்கும். இதை மட்டும் நம்பிக் கட்டிடம் எழாது. ஆனால் இந்தப் பணத்தில் எவருடைய நிபந்தனையும் இல்லை. நாளை கூட்டத்தில் எழுந்து "இது எங்கள் கட்டிடம், இந்த அறையை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும் உரிமையை அந்தப் பெண்ணுக்குத் தருவது அந்த 360 டாலர்தான். 10 லட்சம் கொடுக்கக்கூடிய ஒரு கொடையாளரின் முன் போய் உட்காரும்போது, 2,000 அட்டைகள் எடுத்துரைப்பதை எந்த விளக்கப்படமும் எடுத்துரைக்காது.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். எழுதிக் கொடுத்த கொடை கைக்கு வந்த பணமாகாது. அந்த உறுதிமொழிகளைக் காட்டி இடைக்காலக் கடன் வாங்கும்போது, கொடையாளர் பட்டியலைக் கடன் கொடுப்பவர் கேட்பது வழக்கம். குடியேற்ற ஆவணங்கள் இல்லாத உறுப்பினர்கள் இருக்கக்கூடிய அமைப்பு அந்தப் பட்டியலை ஒருபோதும் வெளியே கொடுக்கக் கூடாது. பெரிய கொடைகளை மட்டுமே ஈடாகக் காட்ட வேண்டும். வருமான வரித்துறைக்குத் தரும் ஆண்டறிக்கையிலும் பொதுவாக 5,000 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் விவரமே கேட்கப்படுகிறது. உறுப்பினர் பட்டியலை அரசிடம் ஒப்படைக்க மறுக்கும் உரிமையைக் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. 1958-இல் அலபாமாவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் வென்றெடுத்தது. அந்த வெற்றியைக் கடன் விண்ணப்பம் ஒன்றின் இணைப்புத் தாளில் தொலைத்துவிடக் கூடாது.

மூன்றாவது வழி பலரையும் மயக்கும் நியூ மார்க்கெட்ஸ் டாக்ஸ் கிரெடிட் என்ற கூட்டரசு வரிச்சலுகை. வறுமை மிகுந்த பகுதிகளில் முதலீட்டை ஈர்ப்பதற்காக 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, பலமுறை தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டு, 2025-இல் நிரந்தரமாக்கப்பட்ட திட்டம் இது. லத்தீனோ அமைப்புகள் வேலைசெய்யும் பகுதிகளில் பலவும் இதன் வரையறைக்குள் வருவதால், ஆலோசகர்கள் தவறாமல் இதைப் பரிந்துரைப்பார்கள். 1 கோடி டாலர் முதலீடு என்று கொண்டால், அதில் 39 விழுக்காடு, அதாவது 39 லட்சம் டாலர், முதலீட்டாளரின் வரியில் ஏழு ஆண்டுகளில் கழியும்: முதல் மூன்று ஆண்டுகள் 5 விழுக்காடு வீதம், அடுத்த நான்கு ஆண்டுகள் 6 விழுக்காடு வீதம். ஒரு வங்கி அந்தச் சலுகையை டாலருக்கு 75, 80 சென்ட் என்ற விலைக்கு இன்றே வாங்கிக்கொண்டால் சுமார் 30 லட்சம் டாலர் வரும். இடைநிலை நிறுவனத்தின் கட்டணம், மூன்று நான்கு தரப்பு வழக்கறிஞர்கள், கணக்காளர்கள் எல்லாருக்கும் கொடுத்தது போக, கட்டிடத்துக்கு உண்மையில் மிஞ்சுவது 20 லட்சத்தை ஒட்டி இருக்கும். செலவில் ஐந்தில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைப்பது சிறிய உதவி ஆகாது.

ஆனால் 1 கோடியில் வங்கி தரும் 30 லட்சம் போக மீதமுள்ள 70 லட்சமும் ஒப்பந்தம் முடியும் நாளில் பணமாகவே மேசைமீது இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்த கொடையோ பின்னர் வரவிருக்கும் மானியமோ கணக்கில் சேராது. அதற்கு மேல், ஏழு ஆண்டுகளுக்கு விற்கவோ, கடனை மாற்றவோ, கட்டிடத்தின் பயன்பாட்டைத் திருத்தவோ பலரின் சம்மதம் வேண்டும். சட்ட, கணக்குச் செலவுகள் திட்டத்தின் அளவுக்கேற்பக் குறைவதில்லை என்பதால், 50 லட்சம் டாலருக்குக் குறைந்த கட்டிடத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. நான் இதை 80 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டிடத்தைத் திட்டமிடும், முழு நேர நிதி அலுவலர் ஒருவரை ஏற்கனவே வைத்திருக்கிற அமைப்புகளுக்கு மட்டுமே சொல்வேன். பழைமை வாய்ந்த கட்டிடமாக இருந்தால், சீரமைப்புச் செலவில் 20 விழுக்காட்டுக்கு இன்னொரு கூட்டரசுச் சலுகை உண்டு. அதற்கும் வரி செலுத்தும் பங்காளி ஒருவர் தேவை, ஒப்பந்தம் இன்னும் சிக்கலாகும்.

கடனைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் அச்சம் லத்தீனோ அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களிலும் இருக்கிறது. எனக்கோ, அளவான கடன்தான் இந்த வழிகளிலேயே மிகவும் நேர்மையானது என்று தோன்றுகிறது: வட்டியோடு தவணையைக் கட்டிவந்தால், கடன் கொடுத்தவருக்கு அமைப்பின் பேச்சில் எந்த அக்கறையும் இல்லை. சாதாரண வங்கிகள் நன்கொடையை நம்பி வாழும் அமைப்புக்குத் தயங்கித்தான் கொடுக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்கள் இருக்கின்றன. இன்று யுனிடோஸ்யுஎஸ் என்று அழைக்கப்படும், 1968-இல் தொடங்கிய லா ராசா தேசியக் கவுன்சில், இதற்கென்றே 1999-இல் ராசா டெவலப்மென்ட் ஃபண்ட் என்ற நிறுவனத்தை உருவாக்கியது. அரிசோனாவின் ஃபீனிக்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட அது, லத்தீனோ பகுதிகளின் பள்ளிகள், மருத்துவமனைகள், குடியிருப்புகள் ஆகியவற்றுக்குக் கடன் தருகிறது. வட்டி வங்கியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சொத்து மதிப்பில் அதிக விழுக்காடு கடனாகக் கிடைக்கும். விண்ணப்பத்தை எழுதவே கூட உட்கார்ந்து உதவுவார்கள்.

மாநில நிதி ஆணையங்கள் வழியாக வரிவிலக்குக் கடன்பத்திரம் வெளியிட்டால் வட்டி குறையும் என்பது உண்மை. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவான அறநிறுவனங்களுக்கு மட்டுமே இது கிடைக்கும்; அரசியல் பரப்புரைக்காக அமைப்புகள் தனியாக வைத்திருக்கும் 501(சி)(4) கிளைக்குக் கிடைக்காது. பத்திரப் பணத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் தனியார் வணிகப் பயனுக்குப் போகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. வெளியீட்டுச் செலவும் அந்த 5 விழுக்காட்டுக்குள்ளேயே அடங்கும். கீழ்த்தளத்தில் ஓர் உணவகத்துக்கு இடம் கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கேயே முடிந்துவிடும்.

வாடகை வருமானத்தை நம்பிப் பெரிய கட்டிடம் வாங்கும் யோசனையும் அடிக்கடி எழுகிறது. லத்தீனோ மக்களின் வழக்குகளை நடத்தும் மால்டெஃப் அமைப்பின் தலைமையகம், லாஸ் ஏஞ்சலஸின் ஸ்பிரிங் தெருவில் 1930-இல் எழுந்த உயரமான ஆர்ட் டெக்கோ கட்டிடத்தில் இயங்குகிறது. கட்டிட நிர்வாகத்துக்கென்றே அமைப்பு தனி நிறுவனம் ஒன்றை வைத்திருக்கிறது. அப்படித் தனியாகப் பிரித்து வைத்ததுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. வாடகைக்காரர்களைக் கவனிப்பது ஒரு முழு நேரத் தொழில். கடனில் வாங்கிய கட்டிடத்தில் 85 விழுக்காட்டுக்குக் குறைவாகவே தன் அறப்பணிக்குப் பயன்படுத்தினால், வாடகை வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி கட்ட நேரிடும். வணிகருக்கு விட்ட பகுதிக்குச் சொத்துவரி விலக்கும் பல மாநிலங்களில் போய்விடும். நடுத்தர அமைப்புகள் தமக்குத் தேவையான இடத்தைவிடச் சிறிதளவே கூடுதலாக வாங்கி, அதையும் தம்மைப் போன்ற அறநிறுவனம் ஒன்றுக்கே விடுவது நல்லது. பரப்புரைக் கிளையும் ஒரு வாடகைக்காரரே. அதனுடன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, சந்தை வாடகையைத் தவறாமல் வசூலிக்க வேண்டும்.

வாடகையிலேயே தொடர்வதும் ஒரு வழிதான். அலுவலகங்கள் பல காலியாகக் கிடக்கும் நகர மையங்களில், 10 ஆண்டு ஒப்பந்தம் இப்போது நல்ல விலைக்குப் படியக்கூடும். ஊழியர்கள் மட்டும் வேலைசெய்யும், மக்கள் அதிகம் வராத கொள்கை ஆய்வு அமைப்புக்கு இதுவே போதும். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைகளோடு 200 பேர் கூடும் அமைப்புக்கு எந்த வணிகக் கட்டிட உரிமையாளரும் நெடுநாள் இடம் கொடுக்க மாட்டார்.

எந்த வழியிலும் கட்டிடம் வந்த பிறகு அதைக் காப்பாற்றுவதற்கான பணம் வேண்டும். ஹூஸ்டனில் லுலாக் என்ற லத்தீனோ உரிமை அமைப்பின் 60-ஆம் கிளையினர் 1955-இல் வாங்கிய எளிய இரண்டு மாடிக் கட்டிடம், மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் பள்ளியில் சேரும் முன்பே 400 ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொள்ளும் பாலர் பள்ளித் திட்டம் போன்ற பெரும் பணிகளின் பிறப்பிடம். பின்னாட்களில் அது சிதைந்து, புயலிலும் அடிபட்டு, தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை தலையிட்டு மீட்பு முயற்சியில் இறங்கும் நிலைக்கு வந்தது. உறுப்பினர்களின் பணத்தில் வாங்கிய, எவருடைய பிடியும் இல்லாத கட்டிடத்துக்கே அந்தக் கதி நேர்ந்தது. கூரைக்கும் கணப்புக்கும் குழாய்க்கும் பணம் கொடுக்க எந்தக் கொடையாளரும் ஆர்வத்தோடு முன்வருவதில்லை. ஆகவே நன்கொடை இயக்கத்தின் இலக்கிலேயே பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாகச் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

60 லட்சம் டாலர் அளவிலான ஒரு முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது இது. புதிதாகக் கட்டுவதைவிட, உறுப்பினர்கள் நடந்தே வரக்கூடிய இடத்தில் ஏற்கனவே நிற்கும் கட்டிடத்தை வாங்கிச் செப்பனிடுவது மேல். விலை பேசும் முன் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 லட்சம், கையில் பணமாக இருக்க வேண்டும். அதில் உறுப்பினர்களின் பங்கு ஓரளவேனும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். இன்னொரு 20 லட்சத்தைச் சமூக வளர்ச்சி நிதி நிறுவனம் ஒன்றிடம் கடனாகப் பெறலாம். அதன் மாதத் தவணை இன்று கட்டும் வாடகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலத்திடமும் மாவட்டத்திடமும் 10 முதல் 15 லட்சம்வரை, வகுப்பறைத் தளத்துக்கு மட்டும் கேட்கலாம். மீதியைப் பொது நன்கொடை இயக்கம் தரட்டும். கூட்டரசின் கட்டிட மானியத்தை இந்த ஆண்டுகளில் நான் தொட மாட்டேன்; டாக்ஸ் கிரெடிட்டும் இந்த அளவுக்கு வேண்டியதில்லை. நிர்வாகக் குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்பக் கொடுத்து முடித்த பிறகே முதல் பெரிய கொடையாளரைச் சந்திக்கச் செல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அங்கே முதலில் விசாரிப்பது அதைத்தான்.